ஊர் கேட்டுப் பேர் எழுதிய காலின் மெக்கன்சி

தேசப்படம் ஒன்றை விரித்து வைத்து, தம் சொந்த ஊர் அதில் இருக்கிறதா என்று விரலால் தேடிப் பார்க்காதவர் நம்மில் இரார். ஊர் அகப்பட்டால் ஒரு மகிழ்ச்சி; அகப்பட்ட ஊரின் பெயர் பிழைபட எழுதப்பட்டிருந்தால் ஒரு வருத்தம். என் சொந்த ஊரின் பெயர் பள்ளிச் சான்றிதழில் ஒரு விதமாகவும், குடும்ப அட்டையில் வேறு விதமாகவும், கல்லூரிச் சேர்க்கைத் தாளில் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மூன்றும் ஒரே ஊர்தான் என்று மெய்ப்பிப்பதற்காக ஓர் அலுவலகத்தின் படிகளை நான்கு நாள் ஏறி இறங்கினேன். இந்தப் பெயரை முதன்முதலில் தாளில் எழுதியவர் யார், யாரைக் கேட்டு எழுதினார் என்ற எண்ணம் எனக்கு அப்போதுதான் பிறந்தது.

மலையின் உயரத்தை அளக்கக் கருவி உண்டு. ஆற்றின் அகலத்தை அளக்கவும் வழி உண்டு. ஊரின் பெயரை அளக்க எந்தக் கருவியும் இல்லை. அந்த ஊரில் வாழும் ஒருவர் வாய்திறந்து சொல்ல வேண்டும்; வந்தவர் காதில் அது சரியாக விழவேண்டும்; கை அதைப் பிழையின்றி எழுதவேண்டும். மூன்றில் ஒன்று பிசகினாலும் பிழையான பெயர் தாளில் ஏறி, நூறு ஆண்டு, இருநூறு ஆண்டு நிலைத்துவிடும். இந்த வேலையின் அருமையை உணர்ந்து, நாம் இன்று தங்கிப் படிக்கும் இந்தப் பழைய மைசூர் நாட்டில் ஊர் ஊராக அளந்தும் கேட்டும் எழுதியவர் காலின் மெக்கன்சி. இந்தியாவின் முதல் தலைமை நில அளவையர் என்று வரலாற்று நூல்கள் அவரைக் குறிப்பிடுகின்றன. அவருடைய வாழ்க்கையை நம் சங்க அன்பர்களுக்குச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

மடக்கை தேடி வந்த இளைஞர்

ஸ்காட்லாந்தின் வடமேற்கில், கடலுக்கு நடுவே லூயிஸ் என்ற தீவு இருக்கிறது. அத்தீவின் சிறு துறைமுகமான ஸ்டோர்னவேயில் 1754-ஆம் ஆண்டு மெக்கன்சி பிறந்தார். மக்கள் வீட்டில் பேசியது கேலிக் மொழி. அரசாங்கக் காகிதங்களில் எழுதியது ஆங்கிலம். ஊர்களின் பெயர்களோ பெரும்பாலும் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. சொல்வது ஒன்று, எழுதுவது ஒன்று என்ற நிலையைப் பிறந்த மண்ணிலேயே பார்த்து வளர்ந்தவர் அவர். இளமையில் அவ்வூரின் சுங்க அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணக்கில் அவருக்குப் பெரும் பற்று இருந்தது.

அந்தக் கணக்குப் பற்றே அவரை இந்தியாவுக்கு இழுத்தது என்பது நம்மைப் போன்ற அறிவியல் மாணவர்களுக்குச் சுவையான செய்தி. மடக்கை என்று நாம் படிக்கும் லாகரிதத்தை 1614-இல் உலகுக்கு அளித்தவர் ஜான் நேப்பியர். அவருடைய வழித்தோன்றலான நேப்பியர் பிரபு தம் முன்னோரின் வாழ்க்கையை எழுத விரும்பினார். அதற்காக இந்தியர்களின் பழங்கணிதத்தைப் பற்றிய செய்திகள் அவருக்குத் தேவைப்பட்டன. அந்தப் பணியில் மெக்கன்சி அவருக்கு உதவினார். பிரபு மறைந்த பிறகும் அந்த ஆர்வம் மெக்கன்சியை விடவில்லை. 1783-இல், ஏறத்தாழ முப்பது வயதில், கிழக்கிந்தியக் கும்பெனியின் படையில் சேர்ந்து சென்னையில் வந்து இறங்கினார்.

நேப்பியர் பிரபுவின் மகள் ஹெஸ்டர், தம் கணவர் ஜான்ஸ்டனுடன் அப்போது மதுரையில் வாழ்ந்துவந்தார். அவருடைய அழைப்பின் பேரில் மெக்கன்சி மதுரைக்குச் சென்றார். அங்கே கணிதம் வல்ல அந்தணர்களோடு பழகும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. கணக்கைத் தேடிப் போனவர், இந்நாட்டின் பழைய வரலாறு ஊர் ஊராகச் சுவடிகளிலும் கல்லிலும் மக்கள் நினைவிலும் கிடப்பதைக் கண்டார். வாழ்நாள் முழுவதும் அவர் செய்த தொகுப்புப் பணிக்கு வித்து நம் மதுரையில் விழுந்தது என்று சொல்வது மிகையாகாது.

ஆனால் படை அலுவலுக்கு ஓய்வில்லை. 1790 முதல் 1792 வரை நடந்த மூன்றாம் மைசூர்ப் போரில் பொறியாளராகப் பணியாற்றினார். பிறகு நிசாமின் நாட்டுப் பகுதிகளை அளந்தார். 1795-இலும் 1796-இலும் இலங்கைப் படையெடுப்பில் பங்குகொண்டார். அங்கிருந்து திரும்பியபின் 1796-இல், அவர் வாழ்க்கையையே மாற்றிய ஒருவரைச் சந்தித்தார். காவலி வெங்கட போரையா என்பது அவர் பெயர். ஏலூரைச் சேர்ந்த தெலுங்கர். இருபது வயதைத் தொட்டவர். பல மொழிகள் கற்றவர்.

பெயர் மாறிய நாடு

1799 மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. திப்பு சுல்தான் போர்க்களத்திலேயே உயிர்நீத்தார். அவ்வாண்டு சூன் மாதத்தில் அவருடைய நாட்டைக் கும்பெனியும் நிசாமும் பங்கிட்டுக்கொண்டு, எஞ்சிய பகுதியை மைசூர் உடையார் குடும்பத்துக்கு அளித்தனர். அந்த உடன்படிக்கையில் தாலுகாக்களின் பெயர்களும் அவற்றின் வருவாயும் நீண்ட பட்டியலாக இருந்தன. எந்தெந்த ஊர் எவருக்கு என்பது அந்தப் பட்டியலின் பெயர்களைப் பொறுத்தது. அப்பெயர்களைத் தரையில் காட்ட ஒரு படம் வேண்டியிருந்தது. கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி அந்த வேலையை மெக்கன்சியிடம் ஒப்படைத்தார்.

அது எளிய வேலையன்று. திப்பு தம் ஆட்சியில் பல ஊர்களுக்குப் புதுப்பெயர் சூட்டியிருந்தார். மைசூர் நசர்பாத் ஆகியிருந்தது; தேவனஹள்ளி யூசுபாபாத் ஆகியிருந்தது. அரசாங்கக் கணக்கில் ஒரு பெயர், ஆடு மாடு மேய்ப்பவன் வாயில் ஒரு பெயர் என்று இரண்டும் வழங்கின. அரசு மாறியதும் புதுப்பெயர்களுள் பல உதிர்ந்தன, சில ஒட்டிக்கொண்டன. மைசூரில் நசர்பாத் என்பது இன்று ஒரு பேட்டையின் பெயராக இருக்கிறது. கோழிக்கோட்டுக்கு அருகில் அவர் அமைத்த பரூக்காபாத்தின் நினைவு, பறோக் என்ற ஊர்ப்பெயரில் ஒலிக்கிறது. தேவனஹள்ளியோ தேவனஹள்ளியாகவே நின்றுவிட்டது. இன்று விமானம் ஏறச் செல்லும் அன்பர்கள் அனைவரும் அறிந்த பெயர் அது.

இன்னொரு சிக்கலும் உண்டு. கன்னட நாட்டில் ஹொசஹள்ளி என்ற பெயருள்ள ஊர்கள் பல. புது ஊர் என்பதே அதன் பொருள். நம் நாட்டில் மூலைக்கு மூலை புதூர் இருப்பதுபோல என்று வைத்துக்கொள்ளலாம். எந்த ஹொசஹள்ளி, எந்த ஏரிக்கு அருகில், எந்தத் தாலுகாவில் என்று குறிக்காவிட்டால், பெயர் சரியாக இருந்தும் பயனில்லை.

அளவைக் கருவியும் ஊர்க்கணக்கரும்

1800-ஆம் ஆண்டளவில் மைசூர் அளவை தொடங்கி ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் நடந்தது. சுமார் 40,000 சதுர மைல் பரப்பு அளக்கப்பட்டது. அதே காலத்தில் வில்லியம் லாம்டன் என்ற மற்றொரு படை அதிகாரி நம் பெங்களூருக்கு அருகே அடிக்கோடு அளந்து, பின்னர் இந்தியா முழுவதும் பரவிய முக்கோண அளவைக்கு வழிவகுத்துக்கொண்டிருந்தார். லாம்டன் விண்ணையும் மலையுச்சிகளையும் நோக்கினார். மெக்கன்சி அம்மலைகளின் இடையே கிடந்த ஊர்களை நோக்கினார். ஜான் மேதர், ஜான் வாரன் ஆகியோர் அவருக்கு உதவி அளவையர்கள். கோலார்ப் பகுதியில் பொன் கிடைப்பதை 1802-இல் ஆராய்ந்தவர் இந்த வாரன்தான்.

வேலை தொடங்கிய நாளிலிருந்தே இடையூறுகள் இருந்தன. படம் எழுத வந்தவர்களை ஊரார் ஐயுற்றனர். அளப்பவன் பின்னால் வரி வருவான் என்பது குடியானவனுடைய அனுபவம். அந்த ஐயம் தவறும் அன்று. திவான் பூர்ணய்யாவின் ஒத்துழைப்பின்றி ஓர் ஊர்க்கணக்கரும் வாய்திறக்கமாட்டார் என்ற நிலை இருந்தது. இங்கிலாந்திலிருந்த இயக்குநர்களோ செலவு மிகுதி என்று சொல்லி ஆட்களையும் படியையும் குறைத்தனர். காட்டுக் காய்ச்சல் அளவையர்களை வாட்டியது.

இத்தனைக்கும் நடுவே மெக்கன்சி, தம்மிடம் கேட்கப்பட்டதைவிட மிகுதியாகச் செய்தார். ஊர் எங்கே என்பதோடு நிற்காமல், ஊர் எது என்றும் கேட்டார். ஊரின் பெயர் என்ன, அப்பெயர் எப்படி வந்தது, கோட்டையைக் கட்டியவர் யார், ஏரியை வெட்டியவர் யார், கோயிலுக்கு மானியம் விட்டவர் யார் என்று ஊருக்கு ஊர் விவரம் திரட்டினார். இவ்வாறு ஊர்க்கணக்கரும் பெரியோரும் சொல்ல எழுதப்பட்ட ஏடுகளுக்குக் கைபீது என்று பெயர். சித்திரதுர்க்கம் முதலிய இடங்களின் பாளையக்காரர் குடும்பங்கள் தங்கள் கோட்டையையும் குலத்தையும் பற்றிப் போற்றிக் காத்த வமிசாவளிகளும் அவரிடம் வந்து சேர்ந்தன. இடிந்த கோட்டையின் பெயர், அழிந்த அரண்மனையின் பெயர், ஆளில்லாமற்போன பாழூரின் பெயர் எல்லாம் எழுத்தில் ஏறின. பின்னர் அளவையின் முடிவுகள் படங்களாகவும் ஏழு தொகுதி விளக்கக் குறிப்புகளாகவும் அமைந்தன.

கேட்டவர் யார்?

இங்கே ஓர் உண்மையை மறவாமல் சொல்லவேண்டும். மெக்கன்சிக்கு இந்நாட்டு மொழிகளில் தேர்ச்சி இல்லை. அதை அவரே 1817-இல் தம் நண்பர் அலெக்சாண்டர் ஜான்ஸ்டனுக்கு எழுதிய கடிதத்தில் ஒளிவின்றி ஒப்புக்கொண்டிருக்கிறார். அவ்வாறாயின் ஊராரிடம் கேட்டவர் யார்? அவர் சொன்னதைக் காதில் வாங்கியவர் யார்? அவருடைய இந்திய உதவியாளர்களே.

போரையா கல்வெட்டுப் படிப்பதில் வல்லவர். ஊரில் எவருடைய நம்பிக்கையையும் பெறும் இனிய பண்பும் அவரிடம் இருந்தது. ஆனால் 1803-இல், முப்பது வயதுகூட நிரம்பாத நிலையில் அவர் இறந்துவிட்டார். அவருடைய தம்பி லட்சுமய்யா அந்தப் பொறுப்பை ஏற்று, மெக்கன்சியின் இறுதி நாள் வரையில் உடனிருந்து உழைத்தார். மலெயூரைச் சேர்ந்த சமண அறிஞர் தருமய்யா பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துக் கொடுத்தார். தமிழ்நாட்டுப் பகுதிகளில் அப்பாவு முதலியோர் ஊர் ஊராய்ச் சென்று செய்தி திரட்டினர். தெலுங்கர், கன்னடர், தமிழர், மராத்தியர், அந்தணர், சமணர் என்று பலரும் கூடிய குழு அது.

1816-இல் தாமஸ் ஹிக்கி என்ற ஓவியர் மெக்கன்சியின் உருவப்படத்தை எழுதினார். அந்தப் படம் இன்று லண்டனில், பிரிட்டிஷ் நூலகத்தின் உடைமையாக இருக்கிறது. சிவப்புச் சட்டை அணிந்த மெக்கன்சியைச் சூழ்ந்து மூன்று இந்தியர்கள் நிற்கின்றனர். ஒருவர் கையில் தொலைநோக்கி. ஒருவர் கையில் ஓலைச்சுவடி. தொலைவில் கோமடேசுவரரின் பெருஞ்சிலை. தம் படத்தில் தம்மோடு உழைத்தவர்களுக்கும் இடம் கொடுத்தார் என்பது அவருடைய பெருமை.

ஆயினும் ஊர்ப்பெயரைத் தேடித் தேடி எழுதிய இந்த மனிதர்களின் சொந்தப் பெயர்களே ஆங்கிலத் தாள்களில் பலவாறாகச் சிதைந்து கிடக்கின்றன. போரையா சில இடத்தில் போரியா. லட்சுமய்யா சில இடத்தில் லெச்சுமியா. அப்பாவு சில இடத்தில் அபவூ. பெயர் கேட்கச் சென்றவர்களின் பெயரைச் சரியாகக் கேட்டு எழுத எவரும் இல்லை!

அந்நாளில் இந்தியச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுத ஒரே முறை இல்லாததும் இதற்குக் காரணம். 1788-இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் வில்லியம் ஜோன்ஸ் ஒரு முறையை வகுத்தார். கில்கிறிஸ்ட் என்பவர் வேறொரு முறையைக் கையாண்டார். அதிகாரிகளோ தங்கள் காதுக்குப் பட்டபடி எழுதினர். திருவல்லிக்கேணி ட்ரிப்ளிக்கேன் ஆனதும், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனதும், சீரங்கப்பட்டணம் செரிங்கபட்டம் ஆனதும் இப்படித்தான். 1871-இல் வில்லியம் ஹண்டர் ஒழுங்கான முறை ஒன்றை வெளியிட்டார். ஆனால் அப்போதும், நெடுநாள் வழங்கிவிட்ட பிழைகளைத் தொடாமல் விட்டுவிடுவதென்றே அரசாங்கம் முடிவுசெய்தது. ஒருமுறை வேரூன்றிய பிழையைப் பிடுங்குவது எவ்வளவு அரிது என்பதற்கு இது சான்று.

இறுதி நாட்களும் எஞ்சிய செல்வமும்

1811 முதல் 1813 வரை மெக்கன்சி சாவகத்தீவில் இருந்தார். அங்கும் பழைய கோயில்களை ஆராய்ந்தார், சுவடிகள் திரட்டினார், 1812-இல் அங்கேயே பெட்ரோனெல்லா என்னும் பெண்மணியை மணந்தார். 1815-இல் இந்தியா முழுமைக்கும் தலைமை அளவையராக நியமிக்கப்பட்டு, 1817-இல் கல்கத்தா சென்றார். லட்சுமய்யா முதலியோரும் உடன் சென்றனர். தாம் சேர்த்த செல்வத்தையெல்லாம் ஒழுங்குபடுத்தி நூலாக எழுத வேண்டும் என்பது அவருடைய ஆவல். அதற்கு உடல்நலம் இடம் தரவில்லை. 1821 மே 8-ஆம் நாள் கல்கத்தாவுக்கு அருகில் காலமானார். பார்க் தெருக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இந்தியாவில் கழித்த முப்பத்தெட்டு ஆண்டுகளில் அவர் ஒருமுறைகூடத் தம் தீவுக்குத் திரும்பவில்லை.

அவர் விட்டுச் சென்ற தொகுப்பைக் கும்பெனி ஓர் இலட்சம் ரூபாய்க்கு அவருடைய மனைவியிடமிருந்து வாங்கியது. 1828-இல் வில்சன் என்ற அறிஞர் அதற்கு அட்டவணை வெளியிட்டார். 1,568 இலக்கியச் சுவடிகள், 2,070 ஊர் வரலாற்று ஏடுகள், 8,076 கல்வெட்டுப் படிகள், 6,218 நாணயங்கள் என்று அது விரிகிறது. ஒரு பகுதி லண்டனுக்குச் சென்றது. தென்னாட்டு மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டு ஊர்களைப் பற்றிய கைபீதுகளும் அவற்றுள் உண்டு.

மெக்கன்சி இறந்த பிறகு, இப்பணியைத் தாமே தொடர விரும்பி லட்சுமய்யா விண்ணப்பித்துக்கொண்டார். கால் நூற்றாண்டு அனுபவம் பெற்றவர் அவர். 1830-களில் அவ்விண்ணப்பம் கல்கத்தா ஆசியக் கழகத்தின் கருத்துக்கு அனுப்பப்பட்டது. இந்தியர் ஒருவர் தலைமையேற்று நடத்தத்தக்க பணி அன்று இது என்ற எண்ணத்தில் அவர்கள் அதை ஆதரிக்கவில்லை. கேட்கும் காது அவருடையதாக இருக்கலாம், எழுதும் கை அவருடையதாக இருக்கலாம், ஆனால் பொறுப்பு மட்டும் அவருடையதாகக் கூடாது என்றனர் போலும்! இந்த அநீதியை எண்ணும்போது நெஞ்சு வருந்துகிறது.

மெக்கன்சி கும்பெனியின் ஊழியர் என்பதையும் நாம் மறக்கவேண்டுவதில்லை. அவர் எழுதிய படங்கள் வரி தண்டவும் படை நடத்தவும் பயன்பட்டன. அதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தனர். ஆனால் அந்தச் சம்பளத்துக்குள் அடங்காத ஒரு வேலையை அவர் செய்தார். ஊரின் பெயரை ஊராரிடமே கேட்க வேண்டும் என்று கருதினார். மொழி தெரியாத குறையை மறைக்காமல், மொழி தெரிந்தவர்களைத் துணைக்கொண்டார்.

நமக்கு என்ன?

நாம் அன்றாடம் பேருந்தில் கடந்துசெல்லும் தொம்மலூரை எண்ணிப் பாருங்கள். அங்குள்ள சொக்கநாதர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவ்வூரின் பழம்பெயர் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்ற சிறப்புப்பெயரும் அதற்கு இருந்தது என்றும் அவை கூறுகின்றன. பேகூரில் உள்ள நடுகல், ஏறத்தாழ 890-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. பழங்கன்னடத்தில் எழுதப்பட்ட அக்கல்லில் பெங்களூரு என்ற பெயர் அப்போதே இருக்கிறது. ஆங்கிலத் தாளில் இடையில் சிதைந்த பெயர் 2014 நவம்பர் 1-ஆம் நாள் அரசாணையால் பெங்களூரு என்று திருந்தியது. அன்று கருநாடகத்தில் பன்னிரண்டு ஊர்களின் ஆங்கில எழுத்துகள் திருத்தப்பட்டன. கல் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சரியாகவே சொல்லிக்கொண்டிருந்தது. தாள்தான் பிந்திக் கற்றுக்கொண்டது.

நம் தமிழ்நாட்டிலும் 2020 சூன் மாதம் 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது. மாற்றிய எழுத்துகளைப் பற்றிப் பலரும் குறை கூறவே, சில நாட்களிலேயே அது திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதாயினும், எழுதும் முறையில் இசைவு இல்லாவிட்டால் காரியம் நில்லாது என்பதை இது காட்டுகிறது. உலக நாடுகளும் இச்சிக்கலை உணர்ந்தவையே. ஊர்ப்பெயர்களை ஒழுங்குபடுத்துவதற்காக ஐக்கிய நாடுகள் அவை 1967-இல் ஜெனீவாவில் முதல் மாநாட்டைக் கூட்டியது. ஒவ்வொரு நாடும் தன் ஊர்ப்பெயர்களைத் தானே ஆராய்ந்து நிலைப்படுத்த வேண்டும் என்பது அங்கு உருவான கொள்கை.

பிழைப்புக்கோ படிப்புக்கோ வேற்றுமொழி நாட்டில் வந்து வாழும் நமக்கு மெக்கன்சியின் வாழ்க்கை இரண்டு பாடங்களைத் தருகிறது. நாம் குடியிருக்கும் இந்த ஊர்களின் பெயர்களைக் கன்னட மக்கள் சொல்கிறபடி கேட்டுச் சொல்லப் பழகவேண்டும் என்பது ஒன்று. ஹள்ளியைப் பள்ளியாக்குவதும், பெயரைப் பாதியில் முறிப்பதும் நமக்கு அழகல்ல. நம் ஊர்ப்பெயரைப் பிறர் சிதைத்தால் நமக்கு எப்படி இருக்குமோ அப்படித்தான் அவர்களுக்கும் இருக்கும்.

இரண்டாவது பாடம் விடுமுறைக்கு ஊர் செல்லும்போது செய்யவேண்டியது. நம் ஊரின் பெரியவர் ஒருவரிடம் அமர்ந்து, ஏரியின் பெயர், மேட்டின் பெயர், இடிந்து கிடக்கும் பழைய அரண்மனை வீட்டின் பெயர், பாழடைந்த சத்திரத்தின் பெயர் ஆகியவற்றைக் கேட்டுத் தமிழில் எழுதி வைப்போம். சொன்னவர் பெயரையும், கேட்ட நாளையும், கேட்டவர் பெயரையும் மறவாமல் பக்கத்தில் குறிப்போம். நம் கைப்பேசியிலுள்ள படத்தில் அந்த ஏரி பெயரில்லாத நீலத்திட்டாகத் தெரிகிறது. அதற்கு ஒரு பெயர் உண்டென்று அறிந்தவர்கள் எண்பது வயதைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுவோம்.